எண்ணத் தவறிய ஒருவன்

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், மத்திய மலைநாடு தெற்கு நோக்கிச் செங்குத்தாக இறங்கும் சரிவில் அமைந்துள்ள ஹல்துமுல்லை, தேயிலைத் தோட்டங்களாலும் கொழும்பையும் மட்டக்களப்பையும் இணைக்கும் நெடுஞ்சாலையாலும் அறியப்பட்ட ஊராயினும், இலங்கையின் சமயக் கதைகளை ஆராய்வோருக்கு அதன் இருப்பிடம் வேறொரு காரணத்தால் கவனத்துக்குரியதாகிறது. அச்சரிவுக்குத் தெற்கே, பலாங்கொடையிலிருந்து கல்தொட்டைக்குச் செல்லும் வழியில், பாறை விளிம்பொன்றின்மீது கூரகல என்னும் இடம் இருக்கிறது. முஸ்லிம்கள் அதனைத் தப்தர் ஜெய்லானி என்பர். தென்கிழக்கே, வெல்லவாயவையும் புத்தலவையும் கடந்து சென்றால் கதிர்காமம் வருகிறது. முருகன் ஆலயத்தால் பெயர்பெற்ற அத்தலத்தின் வளாகத்திலேயே ஹிழ்ர் நபியின் பெயரால் வழங்கும் பள்ளிவாசலும் உள்ளது. இவ்விரு தலங்களோடும் பிணைந்த கதைகளில் வருவோர், உலக வழக்கில் அறிவாளி எனப்படுவோர் செய்யத் துணியாத காரியங்களைச் செய்தவர்கள் என்பதும், அக்காரியங்கள் முதற் பார்வையில் மடமையாகவும் மறு பார்வையில் ஞானமாகவும் தோன்றுமாறு அக்கதைகள் அமைந்திருப்பதும் சூபி மரபின் அடையாளங்களாகும்.

சூபி என்னும் சொல் இஸ்லாத்தின் அகநெறியாளரைக் குறிப்பது. இறைவனைப் பற்றி அறிவதோடு நில்லாமல் அவனை உள்ளத்தால் உணர வேண்டும் என்போர், அதற்கு வழிகாட்டும் ஆசானை ஷெய்கு எனவும், அவரிடம் கைப்பிடித்து உறுதிமொழி ஏற்ற சீடனை முரீது எனவும், அத்தகைய ஆசான்களின் தொடர்ச்சியாக வரும் நெறியைத் தரீக்கா எனவும் அழைப்பர். இந்நெறியில் முரீதுக்குப் பெரும்பகையாகச் சொல்லப்படுவது நப்ஸ் என்னும் ‘தான்’ ஆகும். அது பணத்தாலும் பதவியாலும் மட்டுமன்றி, தொழுகையாலும் நோன்பாலும் கல்வியாலும்கூடக் கொழுக்கும் என்பதே சூபிகளின் கூர்மையான கண்டுபிடிப்பு. தன் பக்தியை எண்ணிப் பெருமை கொள்பவனுக்கு உபதேசம் செய்தால் அவன் அந்த உபதேசத்தையும் தன் பெருமைக் கணக்கில் சேர்த்துக்கொள்வான் என்பதை அறிந்திருந்தமையால், அவனைச் சிரிக்க வைத்து, அச்சிரிப்பு அடங்கும் வேளையில் தன்னைப் பற்றியே தான் சிரித்ததை உணரச் செய்யும் உத்தியை அவர்கள் கையாண்டனர். குரசானின் நிசாப்பூரில் 9ஆம் நூற்றாண்டில் தோன்றிய மலாமத்தியர் ஒரு படி மேலே சென்றனர். மலாமத் என்றால் பழிச்சொல் என்று பொருள். நற்செயல்களை மறைத்து, ஊரார் ஏசுவதற்கு இடங்கொடுத்து வாழ்வதே உள்ளத்தைக் காக்கும் வழி என அவர்கள் கருதினர். இறையீர்ப்பால் உலக நிதானம் இழந்தவரைக் குறிக்கும் மஜ்தூப் என்ற சொல்லும் இம்மரபிலேயே வழங்குகிறது.

கூரகலவின் குகையில் தியானம் செய்ததாக இலங்கை முஸ்லிம்களிடையே நம்பப்படும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி, பக்தாதில் வாழ்ந்து 1166இல் மறைந்தவர். காதிரிய்யா தரீக்கா அவர் பெயரால் வழங்குவது. பழைய பிராமிக் கல்வெட்டுகளும் உள்ள அந்தப் பாறை தொல்லியல் காப்பிடமாகவும், அண்மைக் காலத்தில் சர்ச்சைக்குரிய இடமாகவும் ஆகியிருப்பது தனி வரலாறு. ஜீலானி அவர்களின் நினைவாக ரபீஉல் ஆகிர் மாதத்தில் கொடியேற்றி, மவ்லிது ஓதி, கந்தூரிச் சோறு வழங்கும் வழக்கமுள்ள தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் குழந்தைகள் முதலில் கேட்கும் கதை, அவருடைய இளமைக் கதையே ஆகும். கல்வி தேடிப் பக்தாதுக்குப் புறப்பட்ட மகனின் சட்டைக்குள் 40 பொற்காசுகளை வைத்துத் தைத்த தாய், எந்நிலையிலும் பொய் சொல்லக் கூடாது என வாக்கு வாங்கி அனுப்புகிறாள். வழியில் வணிகக் கூட்டத்தைக் கொள்ளையர் மறிக்கின்றனர். ஏழையாகத் தோன்றிய இளைஞனிடம் ஒருவன் போகிற போக்கில், “உன்னிடம் என்ன இருக்கிறது?” என்று கேட்க, “நாற்பது பொற்காசு, அக்குளுக்குக் கீழே தைத்திருக்கிறது” என்று பதில் வருகிறது. கேட்டவன் கேலி என எண்ணிச் சிரித்துவிட்டுப் போகிறான். அடுத்தவனும் அவ்வாறே போகிறான். மூன்றாவதாகத் தலைவனிடம் கொண்டுசெல்லப்பட்ட பிறகே சட்டை கிழிக்கப்பட்டுக் காசு வெளிப்படுகிறது.

இக்கதை பெரும்பாலும் வாய்மையின் சிறப்புக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லப்பட்டு, கொள்ளையர் மனம் திருந்தினர் என்ற முடிவோடு நிறுத்தப்படுகிறது. ஆயின் அதன் உயிர்நாடி நடுவில் உள்ள சிரிப்பில் இருக்கிறது. உண்மையை நேருக்கு நேர் கேட்டும் இரண்டு திருடர்கள் அதனை நம்பவில்லை. பொய்யையே தொழிலாகக் கொண்டவனுக்கு மெய் ஒரு பகிடியாகத்தான் கேட்கிறது. அவ்விளைஞன் பொய் சொல்லியிருந்தாலும் காசு தப்பியிருக்கும், அவன் சொன்ன மெய்யும் இருமுறை காசைக் காப்பாற்றவே செய்தது என்னும் வேடிக்கையைக் கதைசொல்லிகள் விளக்குவதில்லை. விளக்காமல் விட்டதே நல்லது.

கதிர்காமத்தின் ஹிழ்ர் நபி கதை இதனினும் கடினமானது. திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில் பெயர் குறிக்கப்படாமல் வரும் அவ்வடியாரை மரபு ஹிழ்ர் என அடையாளம் காண்கிறது. சாகாவரமளிக்கும் நீரை அருந்தியவர் எனவும், அந்த நீர் கதிர்காமத்தில் இருந்தது எனவும் இலங்கை முஸ்லிம்களிடையே ஓர் ஐதீகம் உண்டு. மூசா நபி அவரிடம் கல்வி கற்க வருகையில், கேள்வி கேட்காமல் வந்தால் மட்டுமே உடன் வரலாம் என்ற நிபந்தனை விதிக்கப்படுகிறது. ஹிழ்ர் ஏழைகளின் படகைச் சேதப்படுத்துகிறார். ஓர் இளைஞனைக் கொல்கிறார். சோறு கொடுக்க மறுத்த ஊரில் சரிந்த சுவரைக் கூலியின்றி நிமிர்த்துகிறார். மூன்று முறையும் மூசா நபி பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட, பிரியும் வேளையில்தான் காரணங்கள் சொல்லப்படுகின்றன: நல்ல படகுகளைப் பறிக்கும் அரசன் ஒருவன் அப்பால் இருந்தான், அந்த இளைஞன் பெற்றோரை இறைமறுப்பில் தள்ளிவிடுவான் என்ற அச்சம் இருந்தது, சுவரின் கீழ் அனாதைகளின் புதையல் இருந்தது. இரண்டாவது செயலின் நியாயம் இன்றுவரை உரையாசிரியர்களைத் திணறடிப்பதாகவே இருந்துவருகிறது. இதில் நகைச்சுவை இல்லை. ஆயினும், மேலோட்டத்துக்கு மடமையாகத் தெரிவதன் உள்ளே வேறு கணக்கு ஓடும் என்ற சூபிக் கதைகளின் எலும்புக்கூடு இங்கேதான் இருக்கிறது. பிற்காலத்தார் அந்த எலும்புக்கூட்டுக்குச் சிரிப்பைத் தசையாகப் பூட்டினர்.

அவ்வாறு பூட்டியவர்களுள் முதலிடம் பக்தாதின் பஹ்லூலுக்கு உரியது. 786 முதல் 809 வரை ஆண்ட கலீபா ஹாரூன் அல் ரஷீதின் காலத்தவரான இவர், பித்தர் எனப் பெயரெடுத்ததால் எதையும் சொல்லும் உரிமை பெற்றவராகக் கதைகளில் வருகிறார். அரியணை வெறுமையாக இருந்த ஒரு வேளையில் அதில் ஏறி அமர்ந்த பஹ்லூலைக் காவலர் அடித்து இறக்க, அவர் அழுதுகொண்டிருப்பதைக் கண்ட கலீபா வலிக்கிறதா என்று கேட்கிறார். “எனக்காக அழவில்லை, ஒரு கணம் உட்கார்ந்ததற்கே இவ்வளவு அடி என்றால், ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருக்கிற உமக்கு எவ்வளவு விழுமோ என்றுதான் அழுகிறேன்” என்பது பதில். இத்தகையோரின் வரலாறுகளைத் தொகுத்து, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த நிசாப்பூர் அறிஞர் ஒருவர் ‘உகலாவுல் மஜானீன்’, அதாவது ‘புத்தியுள்ள பித்தர்கள்’ என்னும் அரபு நூலை இயற்றினார். ஒரு நூல் தொகுக்கும் அளவுக்கு அப்படிப்பட்டவர்கள் கதைகளில் நிறைந்திருந்தனர் என்பதே ஒரு செய்திதான்.

தமிழ் வாசகர் சிறுவர் இதழ்களில் ‘முல்லா கதைகள்’ என்று படித்தறிந்த நஸ்ருதீன், இம்மரபின் கடைக்குட்டி. 13ஆம் நூற்றாண்டில் அனத்தோலியாவில் வாழ்ந்தவராகக் கூறப்படும் அவருக்குத் துருக்கியின் அக்ஷெஹிரில் ஒரு கல்லறை உண்டு. சுற்றிலும் திறந்து கிடக்கும் அதன் முன்வாயிலில் பெரும் பூட்டொன்று தொங்கியது எனவும், கல்லில் பொறித்த ஆண்டே தலைகீழாக வாசிக்கப்பட வேண்டியது எனவும் சொல்வர். உஸ்பெக்கியர் முதல் அசர்பைஜானியர் வரை ஒவ்வொருவரும் அவரைத் தம்மவர் என உரிமை கோரியமையால், 2022இல் ஏழு நாடுகள் கூட்டாக விண்ணப்பித்து, அவர் கதைகளைச் சொல்லும் மரபை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தன. இந்தியாவின் சிம்லாவில் பிறந்த இத்ரீஸ் ஷா, 1966 முதல் வெளியிட்ட தொகுப்புகளின் வழியே, இவை சூபிப் பயிற்சிக் கதைகள் என்ற கருத்தை ஆங்கில உலகில் பரப்பினார். எல்லா முல்லா கதைக்கும் மறைபொருள் உண்டு என்ற அவருடைய அணுகுமுறை சற்று மிகையானது. சந்தையில் பிறந்த வெறும் பகிடிகளும் அவற்றுள் ஏராளம். எனினும் சில கதைகள் மெய்யாகவே இரண்டு அடுக்குகளில் நிற்கின்றன.

அவற்றுள் ஒன்று தமிழருக்கு மிக நெருக்கமானது. பத்துக் கழுதைகளைச் சந்தைக்கு ஓட்டிச் செல்லும் முல்லா, அவற்றுள் ஒன்றின்மீது ஏறிக்கொண்டு எண்ணுகிறார்; ஒன்பதுதான் இருக்கிறது. பதறி இறங்கி எண்ணினால் பத்து. மறுபடி ஏறினால் ஒன்பது. ஏறியும் இறங்கியும் களைத்த பிறகு, ஒரு கழுதையைத் தொலைப்பதைவிட நடந்து போவதே மேல் என்று நடக்கத் தொடங்குகிறார். இதே விதை தமிழர் அறிந்த இரண்டு மரங்களாக வளர்ந்துள்ளது. இத்தாலியிலிருந்து வந்து தமிழறிஞராகி 1747இல் மறைந்த வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குருவின் கதை’யில், மட்டி, மடையன், பேதை, மூடன், மிலேச்சன் என்னும் ஐந்து சீடரும் குருவும் ஆற்றைக் கடந்தபின் எண்ணிப் பார்க்கையில், எண்ணுபவன் ஒவ்வொரு முறையும் தன்னை விட்டுவிடுவதால், ஒருவரை ஆறு கொண்டுபோயிற்று என்று ஒப்பாரி எழுகிறது, வழிப்போக்கன் ஒருவன் ஆளுக்கு ஓர் அடி வைத்து எண்ணிக் காட்டிய பிறகே அழுகை ஓய்கிறது. 1822இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சேறிய இந்நூலின் கேலி, குரு என்ற அமைப்பின்மீதே பாய்கிறது. அத்வைத வேதாந்திகளிடமோ அதே கதை தசமன் கதையாக, அதாவது பத்தாவது ஆளின் கதையாக, பஞ்சதசி போன்ற நூல்களில் வருகிறது. ‘பத்தாவது ஆள் நீயே’ என்று அறிந்தவன் சொல்லும் அந்த ஒரு சொல்லால் அறியாமை நீங்குவதே அங்கு நோக்கம். எனவே அங்கு ஒருவரும் சிரிப்பதில்லை.

பாதிரியார் பிறரைப் பார்த்துச் சிரிக்க வைத்தார். வேதாந்தி சிரிப்பை விலக்கி உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டார். முல்லாவின் கதையோ இரண்டையும் ஒரே கழுதையின்மேல் ஏற்றுகிறது. தான் ஏறியிருப்பதை ஒருவனால் காண முடிவதில்லை என்பதும், அந்தக் கழுதையை நப்ஸ் எனக் கொண்டால் கதையின் ஒவ்வோர் அசைவும் பொருந்தி வருவதும் கேட்போருக்குப் பிறகே உறைக்கும். தவறு இன்னதென்று அறியாமலே முல்லா நடக்கத் தொடங்குகிறார் என்ற கடைசித் திருப்பம் மற்ற இரண்டு வடிவங்களிலும் இல்லை. தற்செயலாகவேனும் கழுதையை விட்டு இறங்கிவிட்டாரே என்பதில்தான் சூபியின் குறும்பு இருக்கிறது.

எண்ணிக்கையைப் பற்றிய இக்கதை ஹல்துமுல்லைச் சரிவின் தோட்டங்களில் சொல்லப்படும்போது அதற்கு மேலும் ஒரு கனம் ஏறிவிடுகிறது. தோட்டத்தில் நாள் தொடங்குவதே எண்ணிக்கையில்தான்: பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிறுத்தப்பட்டு, வேலை பிரிக்கப்பட்டு, மாலையில் கொழுந்தின் நிறைக்கேற்பக் கணக்கப்பிள்ளையின் ஏட்டில் முழுப்பேரோ அரைப்பேரோ விழும். பேர் என்பது அங்கு ஒரு நாட்கூலியின் அளவு. எண்ணுபவர் தம்மை எண்ணிக்கொள்ளாத அக்களத்தில் வளர்ந்த இந்திய வம்சாவளி மக்களை, பின்னர் அரசுகளும் அவ்வாறே எண்ணின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரைக் கணக்குக்கு வெளியே நிறுத்தியது; 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தது. பத்தாண்டு கழித்து, 1974இல், அந்த எஞ்சியோர் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எண்ணியவர்கள் எவரும் முல்லாவைப்போல் ஒருமுறை இறங்கிப் பார்க்கவில்லை.

மடமையின் வேடத்துக்குத் தமிழ் மரபில் இடமில்லாமல் இல்லை. சுந்தரர் தம் முதற்பதிகத்தில் இறைவனையே பித்தன் என்று அழைத்தவர். மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தை ஒட்டி ஆடப்படும் காமன் கூத்தில், மன்மதனும் ரதியும் வேடமிட்டு வரும் அதே களத்தில், கோமாளியும் புகுந்து வேடிக்கை காட்டுவதற்கு இடமுண்டு. துரையும் கங்காணியும் நிறைந்த உலகில் அந்த இடத்தின் மதிப்பை லயத்து மக்கள் நன்கறிவர். தமிழ்ச் சூபிகளுள் தலைசிறந்த பாவலரான குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) தம் இயற்பெயரான சுல்தான் அப்துல் காதிரால் அறியப்படுவதைவிட, போதையேறியவர் என்று பொருள்படும் மஸ்தான் என்ற பாரசீகச் சொல்லாலேயே அறியப்படுகிறார். தொண்டி அருகே பிறந்து, வணிகக் குடும்ப வாழ்வையும் திருமணத்தையும் துறந்து, காடுகளிலும் குப்பைமேடுகளிலும் திரிந்தமையால் ஊரார் இட்ட ஏளனப் பெயரே அவருக்குப் பட்டமாயிற்று. சென்னை இராயபுரத்தில் அவர் தங்கியபோது, சைவப் புலவரான திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடும் அளவுக்கு அப்பட்டத்தின் மதிப்பு மாறிவிட்டது. யாழ்ப்பாணத்திலோ, நல்லூர்த் தேரடியில் கந்தல் அணிந்து அமர்ந்து, வந்தவரை ஏசி விரட்டிய செல்லப்பா சுவாமிகளை ஊர் ‘விசரன்’ என்றது. அந்த விசரனையே யோகர் சுவாமிகள் (1872–1964) குருவாகக் கொண்டார். மலாமத் என்ற அரபுச் சொல்லைச் செல்லப்பா சுவாமிகள் கேட்டிருக்க வேண்டியதில்லை. அந்த நெறியோ தேரடியில் இருந்தது.

சூபி மரபும் தமிழ் மரபுமாகிய இவ்விரு ஓடைகளும் ஒருவரிடத்தில் கலந்தன என்று சொல்வதானால், பாவா முஹியத்தீன் அவர்களைத்தான் சொல்ல வேண்டும். 1940களில் கதிர்காமக் காட்டுப்பகுதியில் யாத்திரிகர்களால் சந்திக்கப்பட்டு, அவர்களின் அழைப்பின்பேரில் யாழ்ப்பாணம் வந்த இவர், எழுதப் படிக்கக் கல்லாதவர். இந்துக்களும் முஸ்லிம்களுமாக வந்த மக்களுக்குத் தம் கையால் சமைத்துப் போட்டுக்கொண்டே தமிழில் கதை சொன்னவர். மனிதனின் குணங்களை அவனுக்குள் உலவும் விலங்குகளாகக் காட்டுவது அவர் வழக்கம்: மனம் ஒரு குரங்கு, ஆசை ஒரு நாய். ஊவாவின் காட்டோரக் கிராமத்தவருக்குக் குரங்கும் நாயும் உருவகங்கள் ஆகுமுன்பே வயலையும் அடுப்படியையும் சூறையாடும் உயிர்களாகத் தெரிந்தவை என்பதால், அக்கதைகள் கேட்பவரிடம் உரைநூலின் துணை வேண்டுவதில்லை. தம்மைக் குருவென்று உயர்த்திக்கொள்ளாமல், தாம் ஓர் ‘எறும்பு மனிதன்’ என்றே அவர் சொல்லிவந்தார். குருவைத் தூக்கிச் சுமந்த பரமார்த்த குருவின் சீடர்களுக்கு எதிரான தமிழ்ப் பகிடி ஒன்று இங்கு குருவின் வாயிலிருந்தே வந்தது எனலாம்.

வேலணைத் தீவின் மண்கும்பானில் அவர் 1955இல் தொடக்கிய இறையில்லம் 1975இல் நிறைவெய்தித் திறக்கப்பட்டது. அதற்கிடையில், 1971 அக்டோபரில், அவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்கு அழைக்கப்பட்டிருந்தார். ஆங்கிலம் அறியாத அவர் அங்கும் தமிழிலேயே பேச, உடனிருந்தோர் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்க்க, ஒலிநாடாக்கள் சுழன்றன. சிரிப்பு இரண்டு தவணைகளில் எழுந்தது, தமிழறிந்தவர் முதலிலும் மற்றையோர் மொழிபெயர்ப்புக்குப் பின்னருமாக. பாரசீகச் சூபிக் கவிஞர் ரூமியின் பாடல்களை அமெரிக்கர் வீடுகள்தோறும் கொண்டுசேர்த்த கவிஞர் கோல்மன் பார்க்ஸ் அவருடைய மாணவர்களுள் ஒருவர். பென்சில்வேனியாவின் வயல்வெளி ஒன்றில் இன்று வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்கும் அவரது அடக்கத்தலத்துக்கு வருவோருக்கு, அவர் மறைந்த நாள் 1986 டிசம்பர் 8 என்று சொல்லப்படுகிறது. வயதை எண்ணிச் சொல்வதற்கு வேண்டிய பிறந்த ஆண்டை அவர் எவர் கணக்கிலும் பதியவில்லை.